கையை எங்கே வைப்பது?

ஈதர் 34.6 பாகை செல்சியசில் கொதித்துவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவில் பக்கத்து வினாயகபுரத்தில் கச்சான் காற்று வீசும் ஆடி மாத மத்தியானத்தில் அதற்கு அடுப்பு வேண்டாம், போத்தலின் மூடியைத் திறந்து வைத்தாலே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒருவரைப் படம் பிடிப்பதென்றால் பெரும்பாலும் இந்த ஈதர் இல்லாமல் முடியாது. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தட்டு முறை அப்படிப்பட்டது. ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த கொலோடியன் என்ற பிசினைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அதைத் தோய்த்து, ஈரத்தோடு கமராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் காயுமுன்னரே இருட்டறையில் உருத்துலக்கியும் ஆகவேண்டும். குளிர்நாட்டில் இத்தனைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். வெயில் நாட்டில் ஈதர் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை.

ஆகவே தட்டைத் தயாரித்துவிட்டு ஆளை நிறுத்துவது நடக்காத காரியம். முதலில் ஆளை நிறுத்துவார்கள். தலை எந்தப் பக்கம், கை எதன் மேல், சேலையின் மடிப்பு எப்படி விழவேண்டும் என்பதெல்லாம் முடிவான பின்னர்தான் இருட்டறையில் பிசின் ஊற்றப்படும். படக்காரர் தட்டோடு திரும்பி வரும்வரை வந்தவர் குலையாமல் இருக்கவேண்டும். பிறகு வில்லையின் மூடியைக் கழற்றி, மூன்று செக்கனோ பத்துச் செக்கனோ எண்ணி, மறுபடி மூடுவார்கள். பழைய படங்களில் காணும் அந்த விறைப்பைப் பார்த்து, நம் பாட்டன்மார் கடுகடுத்த மனிதர்கள் என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வில்லையும் பிசினும் வெளிச்சமும் சேர்ந்து பேரம் பேசியதில் உடம்புக்குக் கிடைத்த இடம் அது. அந்தப் பேரத்தை விளங்கிக்கொண்டால் படத்தில் எது மனிதருடையது, எது கருவியுடையது என்று பிரித்துப் பார்க்கலாம்.

இலங்கையில் அக்காலத்துப் பெயர்பெற்ற ஸ்டூடியோக்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருந்தன. 1860களில் ஸ்கீன், 1870களில் ஸ்கோவென், 1890இல் பிளாட்டே. மின்விளக்கு இல்லாத காலமாதலால் கூரையிலும் ஒரு பக்கச் சுவரிலும் கண்ணாடி பதித்து, பகல் வெளிச்சத்திலேயே வேலை நடக்கும். அந்தக் கண்ணாடி வடக்கு நோக்கி இருக்கவேண்டும் என்பது ஐரோப்பியக் கைநூல்களின் பாலபாடம். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தென்பக்கத்தில் நிற்பதால், வடக்கு யன்னலில் நேர்வெயில் அநேகமாக விழாது. நாள் முழுக்க ஒரே சீரான மென்வெளிச்சம் கிடைக்கும். இதே விதியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தால் பிழைத்துவிடும். ஒவ்வோர் ஏப்ரலிலும் இலங்கைக்கு மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று பத்திரிகைகளில் படிக்கிறோம் அல்லவா? 7 பாகை அகலாங்கில் இருக்கும் நமக்கு ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடபக்கத்தில்தான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடி வழியே வெயில் நேரே ஆளின் தலையில் இறங்கும். உச்சி வெளிச்சத்தில் கண்குழி இருண்டு, மூக்கு நிழல் உதட்டில் விழும். வெள்ளைத் திரைச்சீலைகளை இழுத்தும் விலக்கியும் வெளிச்சத்தைப் பக்கவாட்டாக்குவது இங்கே வேலையின் பாதி.

இனி வில்லை. 1840இல் யோசெப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் வியன்னாவில் கணக்குப் போட்டு வடிவமைத்த முகப்பட வில்லைதான் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் ஸ்டூடியோக்களை ஆண்டது. அதன் திறப்பு எஃப்/3.6. அதற்கு முந்திய வில்லைகளைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. ஆனால் திறப்பு பெரிதானால் கூர்மையின் ஆழம் சுருங்கும். 200 மில்லிமீற்றர் குவியத்தூரம், எஃப்/4 திறப்பு, ஆள் 3 மீற்றர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் 0.1 மில்லிமீற்றர் மங்கல் வரை மன்னித்துவிட்டால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமாகச் சுமார் 17 சென்ரிமீற்றர். ஒரு சாணுக்கும் குறைவு. மூக்கு நுனியிலிருந்து காது வரை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் நேரெதிரே கதிரையில் உட்கார்ந்தவரின் முழங்கால் முகத்தைவிட அரை மீற்றர் முன்னால் இருக்குமே! அது மங்குவதோடு நில்லாமல் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். மடியில் வைத்த கைகளுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

திறப்பை எஃப்/8 ஆகக் குறைத்தால் ஆழம் இரட்டிக்கும். நேரமோ நான்கு மடங்காகும். மூன்று செக்கன் பன்னிரண்டு செக்கனாகும். அவ்வளவு நேரம் ஆள் அசையாமல் இருப்பாரா? இங்கேதான் உடம்பு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆழத்தில் நீளும் அங்கங்களையெல்லாம் அகலத்தில் மடக்கவேண்டும். கதிரையைப் பக்கவாட்டாகத் திருப்பு. முழங்கால்கள் கமராவை நோக்காமல் படத்தின் ஓரத்தை நோக்கட்டும். முகத்தை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. முக்கால் முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரபு நிலை ஓவியர்களிடமிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓவியரிடம் அது விருப்பம், பெட்ஸ்வால் வில்லைக்கு முன்னால் கட்டாயம்.

காலை இப்படித் திருப்பிவிடலாம். கையை என்ன செய்வது? தொங்கவிட்டால் நடுங்கும், நீட்டினால் மங்கும், மடியில் வைத்தால் முன்னுக்கு வந்து பெருக்கும். ஆகவே முகம் இருக்கும் அதே தளத்தில் கைக்கு ஓர் ஊன்றுகோல் தேடினார்கள். பக்கத்தில் சிறு மேசை, மேசை மேல் புத்தகம். நிற்பவருக்குக் கதிரையின் முதுகு, குடை, கைத்தடி, அல்லது தூண். தூணுக்கு நமக்குத் தெரிந்த ஒரு சாட்சி உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சேர்ந்து தொண்டாற்றிய இராமகிருஷ்ண மிஷன் நம் கிழக்குக் கரைக்குப் புதிதல்ல. அந்த மிஷனின் குருநாதர் இராமகிருஷ்ணரின் படங்களில் பூசைக்கு வைப்பது சம்மணமிட்ட படம். இன்னொன்றும் இருக்கிறது: ஒரு தூணின் மேல் கை வைத்து நிற்பார். 1881 டிசெம்பர் 10ஆம் திகதி, கல்கத்தா ராதாபஜாரில் இருந்த பெங்கால் போட்டோகிராபர்ஸ் ஸ்டூடியோவுக்கு அவரை அழைத்துப்போய் எடுத்த படம் அது. உலக நினைவே அடிக்கடி தவறிப்போகிற ஒரு துறவியையும் ஸ்டூடியோக்காரர் எல்லாரையும் போலத் தூணில் கை வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார். அன்று படம் உண்டாகும் விதத்தையும் அவருக்குக் காட்டினார்கள். வெறுங்கண்ணாடியில் உரு தங்காது, மருந்து பூசிய கண்ணாடியில்தான் தங்கும் என்பதை அவர் பக்திக்கு உவமையாக்கிக்கொண்டார். கொலோடியனைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அசையாமல் நிற்பது என்கிறோமே, அது உண்மையில் மனிதரால் முடியாத காரியம். இதயம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் தலை மெல்ல அதிரும். மூச்சுக்கு மார்பு ஏறி இறங்கும். கணுக்கால் தசைகள் இடைவிடாமல் உடம்பை முன்னும் பின்னும் திருத்திக்கொண்டே இருக்கும். ஆடாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் தலை சில மில்லிமீற்றரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வரை ஆடுகிறது. மேலே சொன்ன அதே வில்லையில், அதே தூரத்தில், உருவம் பதினான்கு மடங்கு சிறுத்துத் தட்டில் விழும். மூன்று சென்ரிமீற்றர் அகலக் கண் 2 மில்லிமீற்றர் ஆகும். தலையின் ஒரு சென்ரிமீற்றர் ஆட்டம் 0.7 மில்லிமீற்றர் இழுபடும். அதாவது கண்ணின் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோகும். இமைப்பதால் மட்டும் கேடில்லை. பத்துச் செக்கனில் ஓர் இமைப்புக்குக் கால் செக்கன்தான்; நாற்பதில் ஒரு பங்கு நேர இருட்டைத் தட்டு கண்டுகொள்ளாது. பார்வையை இடம் மாற்றினால்தான் கண்மணி பேயுருவாகும். அதனால் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைக் காட்டி, அதையே பார்க்கச் சொல்வார்கள். அந்த வெறித்த பார்வைக்கு இதுதான் காரணம். சிரிப்பைப் பத்துச் செக்கன் பிடித்து வைத்துப் பாருங்கள், அது சிரிப்பாக இராது.

தலையை நிறுத்த ஓர் இரும்புத் தாங்கி இருந்தது. பாரமான அடித்தட்டு, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய தண்டு, மேலே பிடரியைத் தொடும் கவை. முன்னால் நிற்பவரின் உடம்பே அதை மறைத்துவிடும். காலடியில் மட்டும் சிலவேளை காட்டிக்கொடுக்கும். காற்சட்டை போட்ட துரைமாரின் சப்பாத்துகளுக்கு நடுவே அந்த இரும்புப் பாதம் எட்டிப்பார்ப்பதைப் பழைய படங்களில் காணலாம். சாரமும் சேலையும் உடுத்த நம் ஆட்களிடம் அது அகப்படாது, துணி தரைவரை விழுந்து மூடிவிடும். இந்தத் தாங்கியில் பிணங்களைக் கட்டி நிறுத்திப் படம் எடுத்தார்கள் என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. கதைதான். அந்தத் தாங்கி உயிருள்ள தலையின் ஆட்டத்தைக் குறைக்கச் செய்தது. ஒரு பிணத்தின் பாரத்தைத் தாங்க அதனால் ஆகாது. இறந்தவர்களைப் படம் எடுத்தது உண்மை, ஆனால் படுக்கவைத்தோ சாய்த்துவைத்தோதான்.

குடும்பப் படத்தில் வேறொரு சிக்கல். பெட்ஸ்வால் வில்லையின் கூர்மைத் தளம் தட்டையானதல்ல, கிண்ணம் போல் வளைந்தது. நடுவில் கூர்மை இருக்கும். ஓரங்களில் கூர்மை வேண்டுமானால் ஆள் கமராவுக்குக் கொஞ்சம் கிட்ட வரவேண்டும். எனவே கதிரைகளை நேர்வரிசையில் போடாமல் பிறைபோல வளைத்துப் போட்டார்கள். இரண்டு தொங்கலிலும் இருப்பவர்கள் ஓரடி முன்னால். நடுவில் உட்கார்ந்த பெரியவரை எல்லாரும் சூழ்ந்திருப்பது போன்ற தோற்றம் மரியாதையால் வந்ததா, வில்லையின் வளைவால் வந்ததா? இரண்டாலும்தான். ஆனால் முன்னதை மட்டும்தான் நாம் படத்தில் வாசிக்கிறோம்.

பின்னால் தொங்கும் வர்ணத் திரையிலும் கணக்கு உண்டு. கமரா நிற்கும் உயரமும் திரையில் வரைந்த தொடுவான் கோடும் ஒன்றாக இருக்கவேண்டும். கமரா மார்பு உயரத்தில் இருந்தால் திரையிலுள்ள குளத்தின் மறுகரை ஆளின் மார்புக்குப் பின்னால் ஓடவேண்டும். அது முழங்காலுக்குப் பின்னால் ஓடினால் ஆள் மலையுச்சியில் நிற்கும் இராட்சதர் ஆகிவிடுவார். ஓவியர் வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து விழுவதாகத் தீட்டியிருந்து, யன்னல் வலப்பக்கம் இருந்தால் இன்னும் கூத்து. ஹென்றி பீச் ரொபின்சன் 1869இல் படக் கலவை பற்றி ஒரு நூலே எழுதி, முக்கோண அமைப்பு, சமநிலை என்றெல்லாம் ஓவியரின் விதிகளைப் படக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் திரை கடலைக் கடந்து வந்த சரக்கு. அதில் தீட்டிய மாடிப்படியும் பளிங்குக் கைபிடியும் யார் முன்னால் நின்றாலும் அதேதான். 1854இல் பாரிசில் டிஸ்டேரி காப்புரிமை பெற்ற விசிட்டிங் காட் அளவுப் படங்கள் ஒரே தட்டில் எட்டு உருவங்களை எடுத்து விலையைச் சரித்தன. அந்தச் சின்ன அட்டையில் ஆளை முழு உயரத்துக்குக் காட்டினால் முகம் ஒரு சென்ரிமீற்றர் கூட வராது. ஆகவே ஆளைப் பற்றிப் பேசும் பொறுப்பு உடைக்கும் தூணுக்கும் திரைக்கும் போய்ச் சேர்ந்தது.

நம்மவர் படங்களைப் பார்க்கும்போது தப்பாமல் நினைவில் வைக்கவேண்டியது நிறம். கொலோடியன் தட்டுக்கு நீலமும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவும் மட்டுமே தெரியும். ஏறத்தாழ 500 நானோமீற்றருக்கு மேல் அது குருடு. மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கறுப்பு, நீலம் வெள்ளை. குங்குமப் பொட்டு கரும்புள்ளியாகும். கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு துக்க உடை போல் இருண்டுவிடும். வெற்றிலை போட்ட வாய் வெறும் குழி. மஞ்சள் பூசிக் குளித்த முகம், பூசாத முகத்தைவிடக் கறுத்து விழும். தோலின் கதை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டியது. தோலுக்கு நிறம் தரும் மெலனின், சிவப்பு ஒளியைவிட நீல ஒளியையும் புறஊதாவையும் மிக அதிகமாக உறிஞ்சும். இரத்தத்தின் ஈமோகுளோபினும் 415 நானோமீற்றர் அருகே, தட்டுக்கு நன்றாகத் தெரிகிற அதே ஊதாவைத்தான், விழுங்குகிறது. வெயிலில் சிவந்த வெள்ளைக்காரரின் கன்னமும் மூக்குப் புள்ளிகளும் கறுத்து விழுந்து அவர்களே முறைப்பட்டார்கள். மாநிறத்தவரை அந்தத் தட்டு நிறைய இருட்டிவிட்டது. பக்கத்தில் வெள்ளை வேட்டியோ மேற்சட்டையோ இருந்தால் நிலைமை மோசம். துணியின் மடிப்புத் தெரிய நேரம் குறைத்தால் முகம் கரியாகும், முகத்துக்கு நேரம் கொடுத்தால் துணி வெறும் வெள்ளைத்தாளாகும். 1873இல் ஹெர்மன் வோகல் பேர்லினில் சாயம் சேர்த்துத் தட்டுக்குப் பச்சையைக் காணப் பழக்கினார். அதற்குப் பிறகும் சிவப்பு நெடுங்காலம் கறுப்பாகவே இருந்தது.

துருக்கித் தொப்பியைப் பாருங்கள். 1905இல் கொழும்பு உயர்நீதிமன்றத்தில் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அதை அணிந்து வாதாட அனுமதி மறுக்கப்பட்டது சோனகர் வரலாற்றில் பெரிய போராட்டமாயிற்று. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பெரியவர்கள் பலரின் பழைய படங்களிலும் அந்தத் தொப்பி இருக்கும். படத்தில் அது கன்னங்கரேல். உண்மையில் அது கருஞ்சிவப்பாக இருந்திருக்கலாம். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் ஆட்களின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. அது அல்மாரிக்குள் உறுதிப்பத்திரங்களோடு கிடக்கும். எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் மூத்தவாப்பா கறுப்புத் தொப்பி போட்டவர் என்றே நம்பி வளர்வார்கள்.

ஸ்கீனும் ஸ்கோவெனும் பிளாட்டேயும் பணம் கொடுத்து வந்தவர்களை மட்டும் படம் பிடிக்கவில்லை. 'தமிழ்ப் பெண்', 'சோனகர்' என்று தலைப்பிட்டு, பெயரில்லாதவர்களை ஸ்டூடியோவில் நிறுத்தி எடுத்த படங்கள் கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கு நன்றாக விற்றன. அதே யன்னல், அதே வில்லை, அதே தாங்கி. ஆனால் கையை எங்கே வைப்பது என்பதில் இங்கே ஆளுக்குப் பேச்சில்லை. பணம் கொடுத்து வந்த முதலியார் புத்தகத்தில் கை வைக்கலாம், தன் குடையைத் தானே கொண்டுவரலாம். விற்பனைப் படத்துப் பெண்ணுக்குக் குடத்தையோ ஓலைப்பெட்டியையோ ஸ்டூடியோ கொடுக்கும். தட்டு இருட்டடித்த தோலை ஐரோப்பாவில் அட்டையில் பார்த்தவர்கள் அதை இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளி உப்பின் குறையை மானிடவியல் ஆதாரமாக்கியதில் படக்காரர்களுக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தங்கள் தட்டுக்குச் சிவப்புத் தெரியாது என்பது மற்ற எவரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த விதிகளையெல்லாம் மீறிய ஒருவரும் இலங்கையில்தான் இருந்தார். ஜூலியா மார்கரெட் கமரன். பாடசாலை வரலாற்றில் நாம் படித்த கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் சார்ள்ஸ் ஹே கமரனுடைய மனைவி. இங்கிலாந்தில் கவிஞர் டெனிசனையும் வானியலாளர் ஹெர்ஷலையும் படம் பிடித்துப் பெயர் வாங்கியவர், 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியிருந்தார். தாங்கி இல்லை, தூண் இல்லை. பெரிய தட்டு, நிமிடக்கணக்கில் நேரம், முகத்துக்கு மிகக் கிட்டக் கமரா. ஆள் அசைந்தால் அசையட்டும், அந்த மங்கலிலும் உயிர் இருக்கிறது என்பது அவர் கட்சி. கூர்மையை வழிபட்ட படக்காரர் சங்கத்தார் அவரைக் கேலி செய்தார்கள். 1877இல் ஓவியர் மரியான் நோர்த் அவரைப் பார்க்க வந்தபோது, உச்சி வெயிலில் தென்னோலைக்கு முன்னால் நிறுத்தி, ஓலைமுனை தலையில் குத்த, வெப்பமானி 96 பாகை பாரன்ஹைட் காட்ட, இயல்பாக நில்லுங்கள் என்றாராம். நோர்த் தன் நினைவுக்குறிப்பில் இதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். 96 பாரன்ஹைட் என்றால் 35.6 செல்சியஸ். ஈதரின் கொதிநிலை அதற்குக் கீழே! அந்தப் பகலில் கமரன் பிசின் ஊற்றிய வேகத்தை நினைத்தால் எனக்கு அவர் கலையைவிடக் கைப்பழக்கத்தின் மீதே வியப்பு. களுத்துறை ஆட்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் எடுத்த படங்களில் மிச்சமிருப்பவை முப்பதுக்கும் குறைவு. உடம்பை அவர் தூணிலிருந்து விடுவித்தாரே தவிர, பெயரில்லாத தலைப்பிலிருந்து விடுவிக்கவில்லை. இங்கிலாந்தில் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணை மரியன்னையாக்கியவர், இங்கே எடுத்த படத்துக்குக் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றே தலைப்பிட்டார். 1879 ஜனவரியில் மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார்.

அவர் இறக்கும் காலத்திலேயே ஈரத்தட்டு முடிந்துகொண்டிருந்தது. 1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் என்ற மருத்துவர் கொலோடியனுக்குப் பதிலாக ஜெலற்றினைப் பரிந்துரைத்தார். பத்தாண்டுக்குள் கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் உலர்தட்டுகள் வந்தன. நல்ல வெளிச்சத்தில் நேரம் ஒரு செக்கனுக்குள் இறங்கியது. தாங்கிக்கு வேலை போயிற்று. நிற்கும் விதம் போகவில்லை. 1893 செப்டெம்பரில் சிக்காகோவில் தோமஸ் ஹரிசன் எடுத்த விவேகானந்தர் படத்தை நம் பகுதிப் பாடசாலை மண்டபங்களில் காணாதவர் குறைவு. இரண்டு கையையும் மார்பில் கட்டி, உடம்பைச் சற்றே திருப்பி நிற்பார். கைகள் முகத்தின் தளத்திலேயே இருக்கின்றன, ஒன்றையொன்று தாங்குகின்றன, தோள் பூட்டிக்கொள்கிறது. ஈரத்தட்டுக் காலமாக இருந்தாலும் தேறியிருக்கக்கூடிய நிலை. அவசியம் தீர்ந்துபோனபின் அது கம்பீரம் என்ற பெயரில் வாழ்கிறது. நூறு ஆண்டு கழித்தும் நம் ஊர் ஸ்டூடியோக்களில் இருநூறில் ஒரு செக்கன் போதுமான பிலிமை வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையைக் கதிரையின் முதுகில் கை ஊன்றி நிறுத்தி, அசையாதீங்க என்று அதட்டினார்கள்.

இந்தப் படங்களை இப்படியெல்லாம் வாசிக்க அவை மிஞ்சவேண்டுமே. உப்புக்காற்றும் மாரி ஈரமும் உள்ள இந்தக் கரையில் ஜெலற்றின் ஊறி, சட்டகத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். 2004 டிசெம்பர் 26இல் கடல் ஏறிவந்து போனபிறகு பல வீடுகளில் மிஞ்சிய படங்கள் அப்படித்தான் கிடைத்தன. ஒட்டிய படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்கக்கூடாது. உரு கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். கண்ணாடியும் படமுமாகச் சேர்த்தே ஸ்கேன் செய்யவேண்டும். அட்டையின் பின்புறத்தையும் மறக்காமல் எடுக்கவேண்டும்; ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.